ஈரத்தில் வழுக்காத பலகை

என் கணவர் வழுக்கி விழுந்த பலகைக்கு நீலப் பெயிண்ட் அடித்தது நான்தான். எங்கள் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாமல் விட்டதால்தான் எனக்கு அதைப் பற்றி யோசிக்க அவ்வளவு நேரம் கிடைத்தது.

ராகலைக்கு மேலே, தேயிலை முடிந்து மரக்கறிப் பாத்திகள் தொடங்குகிற இடத்தில் நாங்கள் இருக்கிறோம். என் கணவரிடம் ஒரு லேண்ட்மாஸ்டர் இருக்கிறது. இரண்டு சக்கர உழவு இயந்திரம். பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டினால் மூட்டை ஏற்றும் வண்டி. எங்களுடைய கேரட்டும் அக்கம்பக்கத்தாரின் லீக்ஸும் உருளைக்கிழங்கும் அதில்தான் பெரிய ரோட்டுக்குப் போகும். அங்கிருந்து லொறி எடுத்துக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் டிரெய்லரில் சாமான் ஏற்ற அனேகமாக ஏற்றுப்பலகை தேவைப்படாது. எங்கே திரும்பினாலும் ஒரு மேடு இருக்கும். வண்டியைப் பின்னால் எடுத்து மேட்டோடு ஒட்டி நிறுத்தினால், மேட்டிலிருந்து நேராக டிரெய்லருக்குள் நடந்துவிடலாம். கேரட்டுக்கு மட்டும் அது முடியாது. கேரட்டைக் கழுவித்தான் அனுப்ப வேண்டும். கழுவும் தொட்டி ஓடைக்கரையில், எல்லா மேடுகளும் முடிந்துபோன பள்ளத்தில் இருக்கிறது. அங்கே டிரெய்லரின் தளம் என் இடுப்புக்கு வரும். தரையிலிருந்து அந்த இடுப்பு உயரத்துக்கு ஒரு ஆள், தண்ணீர் சொட்டும் ஐம்பது கிலோ மூட்டையைச் சுமந்துகொண்டு ஏற வேண்டும். அதற்குத்தான் பலகை.

பழைய பலகை டர்பன்டைன் என்கிற கெட்டி மரம். நன்றாகத்தான் இருந்தது. ஓரங்களில் கறுத்து வருவதைப் பார்த்து, மரம் உளுத்துப் போகுமே என்று எனக்குக் கவலை வந்தது. மரத்தைப் பாதுகாக்க வர்ணம் பூச வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதையே சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் அரை டின் இருந்தது. மகளைத் தூங்க வைத்துவிட்டு இரண்டு கோட் அடித்தேன். பளபளவென்று வந்தது.

"கோயில் தேருக்கு வச்ச படி மாதிரி இருக்கு" என்றார் என் கணவர். எனக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷம்.

பெயிண்ட் அடித்த பிறகு வந்த முதல் கேரட்டுக்கே அவர் விழுந்தார். பலகையின் பாதியில் கால் வழுக்கி, மூட்டை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக. கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. இரண்டு மாதத்துக்குச் சுமை தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரிடமும் அவர் "மழைதாங்க" என்றே சொன்னார். அன்றைக்கு மழை பெய்யவே இல்லை.

நீலப் பலகையை அண்ணியின் வீட்டுக்காரர் விறகுக்கு வெட்டிப் போட்டார். அண்ணி என்றால் என் கணவருக்கு அக்கா. பக்கத்து லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறார், தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறார். அந்த விறகு அடுப்பில் எரிந்தபோது பெயிண்ட் வாடை வீடு முழுவதும் நின்றது. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மரியாதையான மனிதர்களுக்கு நடுவில் தப்பு செய்தவளாக இருப்பது லேசான காரியமில்லை.

அடுத்த பாத்தி கேரட் மூன்று வாரத்தில் பிடுங்க வேண்டியிருந்தது. விட்டுவைத்தால் மழைக்கு வெடித்துவிடும். அண்ணி ஒரு சாயங்காலம் வந்து, வாசல்படியில் நின்றபடியே விஷயத்தை முடித்துவிட்டார்.

"நான் ஏத்துறேன். எங்க வீட்டுக்காரர் உள்ள நின்னு அடுக்கட்டும். அவரு அடுக்கலேன்னா வளைவுல மூட்ட சரிஞ்சுரும். எனக்கு அடுக்கத் தெரியாது, சுமக்கத் தெரியும்."

"தோட்டத்து வேலை அண்ணி?" என்றேன்.

"ரெண்டு நாள் போகலேன்னா தேயிலை அழுதுறுமா?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அண்ணிக்கு இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு பேரும் படிக்கிறார்கள். அவர் கால் ஒடிந்தால் அந்த வீடு நடக்காது. இன்னொரு பலகையில் இன்னொருவர் விழுந்தால், அதையும் இந்த வீடு மழையின் மேல் போட்டு என்னைக் காப்பாற்றும். அது எனக்கு வேண்டாம். அண்ணி விழக் கூடாது. அந்த மூன்று வாரமும் எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

"புதுப் பலகை எதுல செய்யுறதுன்னு நான் பாக்குறேன்" என்றேன் கணவரிடம்.

அவர் மாவுக்கட்டுக் காலைத் தலையணையில் நகர்த்திவைத்தார். "நீயா?"

"நான்தான்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, நீயே பாரு. ஆனா கலர் வேணாம்" என்றார். அவர் அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

நான் எதையும் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்வேன். மகள் தூங்கும் நேரத்தில் போனில் தேடினேன். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட டிரெய்லர்களில் புல்வெட்டும் இயந்திரத்தையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றுகிறார்கள். மனிதர் மூட்டையோடு ஏறுகிற படம் ஒன்றும் அகப்படவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எடை எவ்வளவு, நீளம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று மூன்று தலைப்புப் போட்டு எழுதத் தொடங்கினேன்.

ஒன்றில் மட்டும் நான் தவறவில்லை. அளவை வீட்டு வாசலில் எடுக்காமல் தொட்டியடிக்கே போய் எடுத்தேன். அண்ணன் (அண்ணியின் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வண்டியைக் கொண்டுவந்து வழக்கமாக நிற்கும் இடத்தில் நிறுத்தினார். அங்கே தரை ஓடைப்பக்கம் சாய்ந்திருப்பதால், டிரெய்லரின் பின்பக்கம் வாசலில் நிற்பதைவிட நாலு விரல் உயரமாக இருந்தது. பழைய பலகை ஏழடி. அது ரொம்பச் சரிவாக நின்றிருக்கிறது, ஆனால் யாருக்கும் அது தோன்றவில்லை. ஒன்பதடி என்று எழுதிக்கொண்டேன்.

"ஒம்பதடியா? ரயில் பாலமா போடப்போறோம்?" என்றார் அண்ணன்.

"நீளமா இருந்தாத்தான் சாய்வு கம்மியா இருக்கும் அண்ணே."

"அப்ப கண்டி வரைக்கும் போடுங்க, ஏறுறதே தெரியாது."

நான் சிரித்தேன், எழுதியதை மாற்றவில்லை.

டவுனில் வெல்டிங் கடை வைத்திருக்கும் சிங்களப் பாஸ் (கைவேலைக்காரர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்களுக்குப் பழக்கம். லேண்ட்மாஸ்டரின் கொக்கி உடைந்தால் அவரிடம்தான் போவோம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். தோள்பையில் அவளுடைய பால் போத்தலோடு இன்னொரு போத்தலும் இருந்தது. அதில் கேரட் கழுவிய தண்ணீர், அடியில் செம்மண் தங்கியது. ரப்பர் பூட்ஸையும் கொண்டுபோயிருந்தேன்.

பாஸ் முதலில் செக்கர் தகட்டைக் காட்டினார். மேலே சின்னச் சின்னப் புடைப்புகள் போட்ட இரும்புத் தகடு. "மிஸ், இது போட்டா பத்து வருஷம் பாக்கவே வேணாம்."

நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு, தகட்டின் ஒரு முனையைச் செங்கல்லின் மேல் தூக்கி வைக்கச் சொல்லி, போத்தல் தண்ணீரை ஊற்றினேன். பாஸ் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்.

"அனே மிஸ், என்ன, பால் ஊத்திப் பூஜையா?"

"மழையிலயும் சேத்துலயும் பாக்கணும் பாஸ். காஞ்சு கெடக்குறப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

ஏறிப் பார்த்தேன். முதல் இரண்டு அடி பிடித்தது. பிறகு செம்மண் அந்தப் புடைப்புகளுக்கு இடையில் அப்பிக்கொண்டு எல்லாம் ஒரே வழவழப்பாகிவிட்டது. கால் லேசாக நழுவியதும் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதோடு, ஒன்பதடிக்கு அந்தத் தகட்டைப் போட்டால் இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கி மாட்டுவது கஷ்டம்.

அலுமினியம் பற்றிக் கேட்டேன். லேசாக இருக்கும், துருப்பிடிக்காது. பாஸ் தலையை ஆட்டினார். அதை ஒட்டுவதற்கு வேறு இயந்திரம் வேண்டும், இந்தப் பக்கத்தில் யாரிடமும் இல்லை, கொக்கி உடைந்தால் கண்டிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றார். இங்கே உடைவதை இங்கேயே ஒட்ட முடியாத சாமான் எங்களுக்குச் சரிவராது. அதையும் நோட்டில் கோடு போட்டு அடித்தேன்.

மூன்றாவதாக அவர் சுவரில் சாத்தியிருந்த வலைத் தகட்டைக் காட்டினார். இரும்புத் தகட்டைக் கீறி இழுத்துச் செய்தது; முழுவதும் சாய்சதுர ஓட்டைகள். எல்-இரும்பில் சட்டம் அடித்து அதன்மேல் இதைப் போடலாம். தண்ணீரை ஊற்றினேன். நேராகக் கீழே போய்விட்டது. மண்ணைக் கரைத்து ஊற்றினேன். அதுவும் போய்விட்டது. பூட்ஸோடு ஏறினேன், இறங்கினேன், வேண்டுமென்றே காலை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஒரு முனையைத் தூக்கினேன். என் ஒருத்தியாலேயே தூக்க முடிந்தது.

"இதுதான்" என்றேன். நெடுநாளைக்குப் பிறகு என் குரலில் ஒரு உறுதி இருந்தது.

"மிஸ்ஸுக்குப் பாஸ் வேலை தெரியும்" என்றார் அவர். துருப்பிடிக்காமல் இருக்கச் சட்டத்துக்கு மட்டும் ஒரு பூச்சு வேண்டும் என்றபோது, அதையும் அவரையே அடித்துவிடச் சொன்னேன். பிரஷ்ஷைத் தொடும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

கேரட் பிடுங்கிய நாள் காலையில் எல்லாரும் தொட்டியடியில் இருந்தோம். கூலிக்கு வந்த இரண்டு பெண்கள் தொட்டிக்குள் இறங்கிக் கேரட்டை மிதித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து, மகளை மடியில் வைத்திருந்தார். லொறி இரண்டு மணிக்கு ரோட்டுக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

புது ஏற்றுப்பலகையை அண்ணன் டிரெய்லரில் மாட்டினார். இரும்பில் செய்தாலும் நாங்கள் அதைப் பலகை என்றுதான் சொன்னோம். புதுச் சாமானைச் சும்மா மிதிக்க மாட்டார்கள் எங்கள் ஆட்கள். அண்ணி அதன் இரண்டு பக்கமும் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்து போட்டார். சூடம் காட்டினார். பிறகு, நான் அவருக்காகவே வாங்கி வைத்திருந்த புது ரப்பர் பூட்ஸைக் கழற்றித் தொட்டிச் சுவரின்மேல் ஒழுங்காக வைத்தார்.

"சாமி கும்பிட்டாச்சே அண்ணி, இனி போட்டுக்கங்க" என்றேன்.

"போட்டுக்கிட்டு மண்ணுல நடக்கலாம், மலையில நடக்கலாம். மூட்டையோட பலகையில எப்படிம்மா நடக்குறது? கால் எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியணும்ல."

என் கணவரும் வெறுங்காலில்தான் ஏற்றுவார். இந்தப் பக்கத்தில் மூட்டை சுமக்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அப்படியிருந்தும் வெல்டிங் கடையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு சோதித்தேன். எடை எழுதினேன், நீளம் எழுதினேன், ஈரம் எழுதினேன். கால் என்று எழுதவில்லை. போனில் பார்த்த படங்களில் எல்லாரும் சப்பாத்து போட்டிருந்தார்கள்.

தொட்டிச் சுவர் இடுப்பு உயரம். அதன்மேல் மூட்டைகளை நிறுத்தி வைத்திருந்தோம். அண்ணி திரும்பி நின்று முதுகைக் கொடுத்து, மூட்டையின் இரண்டு காதுகளையும் தோளுக்கு மேலாகப் பிடித்து, முன்னால் வளைந்து எழுந்தார். அப்படி வளைந்தவருக்குக் காலடியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. பலகையில் ஒரு அடி வைத்தார். நின்றார். இன்னொரு அடி. பிறகு வேகமாக ஏறிப்போய் மூட்டையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

"எப்படி அண்ணி?"

"நல்லாருக்கு. வழுக்கவே இல்ல."

"வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இரும்புன்னா கொஞ்சம் அப்படித்தான்."

இரண்டாவது மூட்டை. இந்த முறை பலகையில் ஏறுமுன் பெருவிரலால் தடவிப் பார்த்தார். மூன்றாவது மூட்டைக்கு, நடுவில் நின்றவர் ஒரு நொடி ஆடினார். மூட்டைத் தண்ணீர் அவர் முதுகில் வழிந்து, வலை வழியாகச் சொட்டிக் கீழே ஓடியது. அண்ணன் மேலிருந்து கையை நீட்டினார். அண்ணி ஏறிவிட்டார்.

இறங்கி வந்தபோது, "காலைக் காட்டுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"காட்டுங்க அண்ணி."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். உள்ளங்கால் முழுவதும் சிவப்பாகச் சாய்சதுரக் கோடுகள். அந்த வலையை அப்படியே அச்செடுத்தது போல இருந்தது. மூன்று மூட்டைக்கு இவ்வளவு. இன்னும் முப்பதுக்கு மேல் இருந்தது.

அவர் சொல்லியிருக்க மாட்டார். முப்பது மூட்டையையும் ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் ஒன்றுமில்லை என்றிருப்பார். நடுவில் விழுந்திருந்தால் அதற்கும் ஒரு மழையைத் தேடியிருப்பார்கள்.

நான் செருப்பைக் கழற்றினேன். "அரை மூட்டை ஒண்ணு கட்டுங்க, நான் ஏறிப் பாக்குறேன்."

"டீச்சரம்மாவுக்கு இன்னிக்கு கேரட்டுல பரீட்சை" என்றார் அண்ணன் மேலிருந்து.

"ஏய், விளையாட்டா?" என்றார் என் கணவர். மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். "பிள்ளைய வச்சுக்கிட்டு உக்காருங்க" என்று அதட்டிவிட்டேன். கல்யாணமாகி அவரை நான் அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை.

அரை மூட்டைதான். ஆனாலும் முதுகில் விழுந்ததும் மூச்சு முட்டியது. அண்ணி மாதிரியே வளைந்தேன். முதல் அடியில் இரும்பு விளிம்பு பாதத்தில் கடித்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். இரண்டாவது அடியில் வேறொன்று தெரிந்தது. வளைந்து நடக்கும்போது பார்வை முழுவதும் பலகைமேல்தான். அந்தப் பலகையோ முழுவதும் ஓட்டை. ஓட்டைகளுக்குக் கீழே தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் ஓடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. காலடி ஓடுகிற மாதிரி இருந்தது. எங்கே மிதிக்கிறேன் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. தலை கிறுகிறுத்தது. அதற்கு மேல் போகாமல், பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக இறங்கி மூட்டையைச் சுவரில் சாய்த்தேன்.

"கீழ தண்ணி ஓடுறது தெரியுது அண்ணி. உங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சா?"

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. "ஆத்துக்கு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்றார் கடைசியில். "பாக்காம ஏறிறலாம்னு நெனச்சேன்."

"பாக்காம ஏற வேணாம். இது சரியில்ல. நான் தப்பா எடுத்துட்டேன்." சொன்னதும், நிறுத்த முடியாமல் மற்றதும் வந்துவிட்டது. "அந்த நீலப் பெயிண்டும் நான்தான் அடிச்சேன். அதுலதான் அவரு வழுக்குனாரு. மழை இல்ல."

கழுவிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"அப்படியா?" என்றார் அண்ணி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "நாங்க ஜன்னல் பெயிண்டுதான் வந்து தானா ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சோம்."

முதலில் சிரித்தது என் கணவர். பிறகு அண்ணன். தொட்டிக்குள் இருந்த பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் கேரட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல்லுக்குப் பதில், இரண்டு மணி லொறி ஞாபகத்துக்கு வந்தது.

யோசிக்க அதிக நேரம் இல்லை. ஒருவேளை அதனால்தான் சரியாக யோசித்தேனோ என்னவோ. சட்டம் சரி, நீளம் சரி, எடை சரி. காலும் கண்ணும் படுகிற மேல்பக்கம் மட்டும்தான் தப்பு. அங்கே மரம் வேண்டும், பெயிண்ட் இல்லாத மரம். வலையில் ஒரு வசதி இருந்தது: எந்த ஓட்டையிலும் கம்பியை விட்டுக் கட்டலாம், துளை போடவோ ஒட்டவோ தேவையில்லை. அண்ணனிடம் கட்டுக்கம்பியும் குறடும் சுத்தியலும் ஆணியும் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, ரோட்டுக்கு ஏறி ஒரு ஆட்டோவைப் பிடித்து, பலகை விற்கும் மரக்காலைக்குப் போனேன்.

மரக்காலைக்காரர் அழகாகச் சீவிய பலகைகளைக் காட்டினார். கையை வைத்தால் வழுக்கியது.

"சீவாதது வேணும்" என்றேன்.

"சீவாததா? வாள் பட்ட மாதிரியேவா? அது சிராய் ஏறுங்க."

"ஏறட்டும். வாள் தடம் குறுக்கால இருக்கணும். நீளவாக்குல இருந்தா வேணாம்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தில் (எங்கள் பக்கத்தில் அதைத்தான் சவுக்கு என்போம்) அறுத்த பலகைகள் இருந்தன. டர்பன்டைன் இன்னும் உறுதி. ஆனால் கையால் தூக்கி மாட்ட வேண்டும், கீழே இரும்பு தாங்குகிறது, மேலே உறுதி அவ்வளவு தேவையில்லை. சவுக்கு லேசு. ஒரு பலகையைத் தரையில் போட்டு, செருப்பைக் கழற்றி, வாளித் தண்ணீரை வாங்கி ஊற்றி நின்று பார்த்தேன். வாள் தடங்கள் உள்ளங்காலை மெல்லப் பிடித்தன. பெரிய சிராய்களை மட்டும் ஒரு செங்கல்லால் தேய்த்துத் தரச் சொன்னேன். கால் ஊன்றிக்கொள்ள மேலே அடிக்கும் குறுக்குக் கட்டைகளுக்குச் சின்னச் சட்டங்களும் வாங்கினேன். அவற்றின் நீளத்தைச் சொன்னேன். எங்கே அடிப்பது என்று எனக்கே அப்போது தெரியாது.

திரும்பி வந்து, பலகைகளை வலையின்மேல் வைத்துக் கட்டினோம். இரண்டு பலகைக்கு நடுவில் தண்ணீர் இறங்க ஒரு விரல் இடைவெளி விட்டேன். கால் போகாது, கண் போகும் அளவுக்கும் இல்லை. குறுக்குக் கட்டைகளை அண்ணன் ஒரு அடிக்கு ஒன்றாக அளந்து அடிக்கப் போனார்.

"வேணாம் அண்ணே. அண்ணி முதல்ல நடக்கட்டும்."

அண்ணி சேற்றுக்காலோடு ஒரு மூட்டையைச் சுமந்து புதுப் பலகையில் மெதுவாக ஏறினார். வெள்ளை மரத்தில் அவருடைய பாதங்கள் செம்மண்ணாகப் பதிந்தன. ஒவ்வொன்றையும் பென்சிலால் சுற்றி வரைந்தேன். சுமையோடு அவர் வைக்கும் எட்டு ஒரு அடி நீளம்கூட இல்லை. முக்கால் அடிக்கும் குறைவு. மேலே போகப்போக இன்னும் நெருங்கியிருந்தது. அளவுகோல் வைத்து அடித்திருந்தால் ஒன்றுகூடச் சரியாக வந்திருக்காது.

"கட்டை எங்க வரணும் அண்ணி? விரலுக்கு முன்னாலயா?"

"நடுப்பாதத்துல வந்தா குத்தும். குதிங்காலுக்குப் பின்னால வை. மூட்ட பின்னால இழுக்குறப்ப அதுல சாஞ்சு நின்னுக்குவேன்."

குதிங்காலுக்குப் பின்னால் அடித்தோம். நான் கட்டையைப் பிடித்தேன், அண்ணன் ஆணி இறக்கினார். என் கணவர் பெட்டியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு கட்டையும் கோணலாக இருப்பதாகச் சொன்னார். கோணலாகத்தான் இருந்தது, அண்ணியின் வலது கால் கொஞ்சம் வெளியே திரும்பித்தான் விழும். அதை மாற்ற மாட்டேன் என்றேன்.

"வேற ஆள் ஏறுனா?" என்றார்.

"நீங்க நடக்குறப்ப உங்களுக்கு வேற அடிச்சுத் தரேன். அதுவரைக்கும் இது அண்ணி பலகை."

மணி பதினொன்றரை. அண்ணி மூட்டையை முதுகில் வாங்கி, வளைந்து, பலகையில் கால் வைத்தார். முதல் அடி, இரண்டாவது அடி. நான் பக்கத்திலேயே, விழுந்தால் தாங்குவேன் என்பது போல, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடந்தேன். ஐம்பது கிலோ மூட்டையும் அண்ணியும் விழுந்தால் என்னால் எதைத் தாங்கியிருக்க முடியும்? நாலாவது அடியில் அண்ணி நின்றார். பலகை சரியில்லையா, கம்பி தளர்ந்ததா, கட்டை பெயர்ந்ததா? கண்ணால் ஒவ்வொரு முடிச்சாகத் தேடினேன்.

அண்ணி குதிங்காலைக் கட்டையில் சாய்த்து, சாவகாசமாக மூட்டையை ஒரு குலுக்குக் குலுக்கித் தோளுக்கு ஏற்றிக்கொண்டார். பலகையின் பாதியில் நின்று ஒருவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. வளைந்த தலையை லேசாக என் பக்கம் திருப்பினார்.

"கல்யாணப் பொண்ணுக்குத் துணை வர்ற மாதிரி எங்கூடவே வராத புள்ள. அங்க மூட்டைக்கெல்லாம் யாரு வாய் கட்டுறது?"

நான் கையை இறக்கினேன். தொட்டிச் சுவருக்குப் போய்ச் சணல் கயிற்றை எடுத்தேன். பின்னால் ஈரப் பாதங்கள் மரத்தில் ஏறும் சத்தமும், அண்ணன் மூட்டையை வாங்கிப் போடும் சத்தமும், மறுபடி இறங்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. நான் திரும்பிப் பார்க்காமல் அடுத்த மூட்டையைக் கட்டினேன், அதற்கடுத்ததையும் கட்டினேன்.